முறைத் தண்ணீரும் சென்டர் ஹாஃபும்

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவர் ஒருவரும் இல்லை. அதனால் காலேஜ் என்றால் என்ன, அங்கே பிள்ளைகள் பொழுது முழுக்க என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் அப்பாவுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. பாடங்களைப் பற்றிச் சொன்னேன். பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். ஹாக்கியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வளைந்த கம்பைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக வெயிலில் ஓடுகிறோம் என்று, பொழுதெல்லாம் வெயிலில் நிற்கிற ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஹாக்கிக்குப் போனதும் ஆசைப்பட்டுப் போனதல்ல. சேலத்தில் இண்டர்மீடியட் முதல் வருஷம் சேர்ந்தபோது, மாலையில் ஏதாவது ஒரு விளையாட்டில் எல்லோரும் சேரவேண்டும் என்பது காலேஜ் சட்டம். கிரிக்கெட்டுக்கு வெள்ளைக் கால்சட்டை வேண்டும், டென்னிஸுக்கு மட்டை வேண்டும். ஹாக்கிக்குக் கம்பைக் காலேஜே கொடுத்தது. காலுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. அங்கே போய் நின்றேன். டிரில் மாஸ்டர் எங்களைப் பார்த்து, ஆள் இல்லாத இடத்திலெல்லாம் ஒவ்வொருவனாக நிறுத்தினார். எனக்கு வாய்த்தது நட்டநடு இடம். முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள், பின்னால் இரண்டு பேக்குகள், இருபக்கமும் ஒவ்வொரு ஹாஃப். நடுவில் சென்டர் ஹாஃப். தாக்கினால் கூடவே ஓடவேண்டும். தாக்க வந்தால் முதலில் தடுக்கவேண்டும். யாரும் விரும்பி எடுக்காத இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஆட்டம் தெரியாது. பந்து எதிரியிடம் போனதும் என் கால்கள் தாமாகவே பின்னால் நடந்தன. திரும்பி ஓடவில்லை. பந்தைப் பார்த்தபடியே, முதுகுப் பக்கமாக ஓடினேன்.

"யார்ரா அவன், ரிவர்ஸ்ல போறான்?" என்று டிரில் மாஸ்டர் கத்தினார்.

"புது அட்மிஷன் சார். நாமக்கல் பக்கம்" என்றான் கேப்டன். அவன் சேலம் வக்கீல் ஒருவரின் மகன், சீனியர், சென்டர் ஃபார்வர்டு. "ஏனுங்க பண்ணாடி, உங்க ஊர்ல எல்லாரும் பின்னாலதான் நடப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பண்ணையக்காரரைக் கூப்பிடுகிற பேர் அது; அன்று முதல் எனக்குப் பண்ணாடி என்று பெயர். ஆனால் மாஸ்டர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கடா. அவனைத் தாண்டி ஒரு பந்து போச்சா பாருங்க" என்றார்.

எருது பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு கீழே போகும். எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால், கிணற்றுக்குள்ளிருந்து சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவன் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் சேர்த்துக் கொடுப்பான். சால் வாய்க்காலில் கொட்டியதும் எருதுகள் திரும்புவதில்லை. வந்த வழியே பின்னுக்கு நடந்து மேடேறும். ஓட்டுகிறவனும் அவற்றைப் பார்த்தபடியே பின்னால் நடந்து ஏறவேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் கிணறு. திரும்பிப் பார்த்தால் வடம் தொய்ந்து எருது தடுமாறும். பார்க்காமல் ஓரடி அதிகமாக வைத்தால் கிணற்றுக்குள்தான். சின்ன வயதிலிருந்து அந்த மேட்டில் ஏறி இறங்கியதில் என் முதுகுக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது. இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண் பார்க்காமல் முதுகு சொல்லும். மைதானத்தில் எங்கள் கோல்தான் எனக்குக் கிணறு. அவ்வளவுதான் என் வித்தை.

முதல் சில ஆட்டங்களில் என்னை யாரும் கவனிக்கவில்லை. ஜெயித்தால் கேப்டனைத் தூக்கினார்கள். தோற்றால் கோல்கீப்பரைத் திட்டினார்கள். நான் கால் கழுவிக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அது எத்தனை நிம்மதியான காலம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான் குடியிருந்தது செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த அறையில். கீழே மூட்டை பிரித்தால் மேலே நான் இருமுவேன். காய்ச்சலோடு அந்த அறையில் படுத்துக்கிடந்தபோது, அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் ஏதோ ஒரு டீமோடு எங்கள் காலேஜ் ஆடிவிட்டு வந்தது. மறுநாள் காலை மரப்படியில் தும்மல் சத்தம் கேட்டது. தும்மலுக்குப் பின்னால் கேப்டன் வந்தான். வக்கீல் வீட்டுப் பையன் அந்தச் சந்துக்குள் வந்ததே பெரிது.

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"பரவால்லீங்க."

"எனக்கு 'ங்க' போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து அஞ்சு கோல் வாங்கினோம். அஞ்சு! நம்ம பேக்குங்க ரெண்டு பேரும் நீ முன்னால நிக்கறேன்னு நெனச்சுக்கிட்டே ஆடியிருக்கானுங்க. பந்து நேரா வந்துக்கிட்டே இருக்கு, இவனுங்க பார்த்துக்கிட்டே நிக்கறானுங்க." மறுபடி தும்மினான். பிறகு கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "சுடலையே. நாளைக்கு வந்துருவியா?"

என் நெற்றியை அதற்கு முன் தொட்டுப் பார்த்தவர் என் அம்மா ஒருவர்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அவன் படி இறங்கிய சத்தம் ஓய்வதற்குள் அவன் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. பேக்குகள் இரண்டு பேரும் தடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் இருக்கிறேன் என்று. நான் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு என் பழக்கவழக்கமே மாறிப்போயிற்று. மண்டியின் மரப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் வண்டிமாடு வந்தால் ஒதுங்கி நின்றேன். ஆட்டத்தன்று சோறு இறங்காது. மாஸ்டர் பயிற்சியில், "பண்ணாடி கிட்ட கொடு, அவன் பார்த்துப்பான்" என்று சொல்லும்போதெல்லாம் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஜோடி எருதில் ஒன்று சோம்பினால் பாரம் முழுக்க மற்றதன் கழுத்துக்குப் போகும். இங்கே பத்துப் பேர் நுகத்தைக் கழற்றிவிட்டு நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. அது நியாயமான எண்ணம் அல்ல. அவர்களும் ஓடினார்கள். ஆனால் எண்ணத்துக்கு நியாயம் எங்கே தெரிகிறது.

அந்த மாசியில் நாங்கள் ஜில்லாக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரில் ரயில்வேயில் வேலை பார்க்கும் சட்டைக்காரர்களின், அதாவது ஆங்கிலோ இந்தியர்களின், டீம். வாட்டசாட்டமான ஆட்கள், பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள், வருஷா வருஷம் கோப்பையை எடுத்துப் போகிறவர்கள். அந்த வருஷம் கோப்பை எங்களுக்கு வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி.

ஆட்டம் புதன்கிழமை என்று நோட்டீஸ் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு அறைக்கு வந்தால், எங்கள் ஊர் வண்டிக்காரர் மண்டி வாசலில் மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, உங்கப்பனுக்குக் கால்ல முள்ளு ஏறிப் போட்டுது. காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. பொதங்கெழம உங்கூட்டு முறைத் தண்ணி. உன்ன வரச் சொன்னாரு."

எங்கள் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் எங்களுக்கு வரும். பொழுது கிளம்பியதிலிருந்து பொழுது சாய்கிறவரை எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவு. முறையைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அடுத்தவர் எருது வந்து மேட்டில் நின்றுவிடும். வயலில் ராகி கதிர் வாங்கிப் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு முறை தண்ணீர் இல்லையென்றால் கதிர் நிற்கும், உள்ளே மணி இருக்காது. அத்தனையும் சாவி. வீட்டில் அப்பா இறைப்பார், அம்மா மடை திருப்புவார். மூன்றாவது ஆள் நான்தான்.

ஞாயிறன்று ராசிபுரம் வழி பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்போது பஸ்கள் பெட்ரோலில் ஓடின. இப்போது பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கரியடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு முனகுவது போல் அல்ல. ஆனாலும் அந்த வழி எனக்கு நீண்டுகொண்டே போயிற்று. புதன்கிழமை ஒன்று. வேண்டிய இடம் இரண்டு. இரண்டிலும் எனக்குப் பதில் ஆள் இல்லை.

அப்பா கட்டுத்தறி பக்கம் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் சொன்னது மிகையில்லை. எருக்க இலையை வாட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் எருதுகளைப் பார்த்தேன், வடத்தைப் பார்த்தேன், சாலில் ஓட்டை இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன்.

"என்னமோ சொல்ல வந்து முழுங்கற. சொல்லு சாமி" என்றார் அப்பா.

சொன்னேன். கொட்டிலில் நின்றபடி முழுவதும் சொன்னேன். கம்பு, பந்து, கோல், காலேஜ், புதன்கிழமை.

அப்பா பேசுவதற்குள் அம்மா வந்துவிட்டார். "கம்பு வெச்சுக்கிட்டா? கம்பு வெச்சிருக்கறவன் அடிக்க மாட்டானா?"

"பந்தத்தாம்மா அடிப்பாங்க."

"பந்தத்தான் அடிக்கறதுன்னா உன்ர மொழங்கால்ல என்ன தழும்பு?"

"அது பந்துங்கம்மா."

"பந்து அடிக்குதா உன்ன? நல்ல படிப்புடா சாமி."

அப்பா கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். "நீ போகலீன்னா அந்த ஆட்டம் நின்னு போயிருமா?" என்று கேட்டார்.

அதைப் போல ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் நான் எதிர்கொண்டதில்லை. நிற்காது. பதினோராவது ஆளாக வேறொருவனைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அதுதான் உண்மை. ஆனால் அது மட்டும் உண்மை அல்ல. மீதியைச் சொல்வதென்றால் என்னை நானே மெச்சிக்கொள்ளவேண்டும். எங்கள் பக்கத்தில் விளைச்சல் நன்றாக இருந்தாலும், "என்னமோ இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். மெச்சிச் சொல்லும் பேச்சை நான் கற்கவே இல்லை.

"நிக்காதுங்க" என்றேன். "வேற ஆளப் போட்டு ஆடுவாங்க."

"பொறவென்ன?"

"தோத்துருவாங்கப்பா."

"அது நீயாச் சொல்றதா, அவுங்க சொன்னதா?"

"அவுங்க சொன்னாங்க." பக்கத்து எருதின் கழுத்தைத் தடவினேன். "நானுஞ் சொல்றனுங்க."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் போலவும் இல்லை. சந்தையில் ஒரு கன்றின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிற்பாரே, அந்தப் பார்வை. பிறகு ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொன்னார். எழுந்து, நொண்டிக்கொண்டே, மேற்கு வேலியைத் தாண்டி நடந்தார். அங்கே இருந்தது பெரியப்பா வீடு.

எனக்குப் பகீரென்றது. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வயலுக்கும் நடுவே, பொழியில் ஒரு வேப்பமரம். மரம் பெரியப்பாவுடையது, நிழல் எங்கள் வயலில். நிழலில் பயிர் வராது. மரத்தை வெட்டு என்றார் அப்பா. நிழலை வேண்டுமானால் வெட்டிக்கொள் என்றார் பெரியப்பா. அன்றோடு முடிந்தது. ஒரே கிணற்றில் இறைப்பார்கள், ஒரே கோயிலில் பொங்கல் வைப்பார்கள், பேச்சு மட்டும் இல்லை. பேசியே ஆகவேண்டிய காரியம் வந்தால் நடுவில் ஓர் ஆளையோ மாட்டையோ வைத்துக்கொண்டு அதனிடம் பேசுவார்கள்.

புதனுக்கு முந்தின நாள், செவ்வாய், பெரியப்பாவின் முறை. அப்பா வாசலில் நின்றார். பெரியம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். பெரியப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார், தலை தூக்கவில்லை.

அப்பா பெரியம்மாவைப் பார்த்து, "ஏனுங்க, செவ்வாக்கெழம தண்ணிய எங்களுக்கு உட்டுட்டு, பொதங்கெழம எங்க தண்ணிய நீங்க எடுத்துக்கலாமான்னு கேளுங்க" என்றார்.

பெரியப்பா கயிற்றைப் பார்த்து, "எதுக்குன்னு கேளு" என்றார்.

"பையனுக்கு டவுன்ல சோலி."

"என்ன சோலின்னு கேளு."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பந்து விளையாட என்று அப்பா சொல்லப் போகிறார், ஊரே சிரிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அப்பா ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பொதங்கெழம அவனில்லீன்னா அங்க ஒண்ணும் ஆகாதாம்."

"ஏன், கலெக்டர் ஆயிட்டானா?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை, அசையவும் இல்லை. பெரியப்பா இன்னும் ஒரு முழம் திரித்தார். பிறகு பெரியம்மாவிடம், "எடுத்துக்கச் சொல்லு. பொழுது உழுந்தா எருத அவுத்துப்போடோணும். அதுக்கு மேல ஒரு சாலும் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

திரும்பும்போது அப்பா எனக்கு முன்னால் ஊன்றி ஊன்றி நடந்தார். கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லாதவர். எனக்காக அந்த வாசலில் நின்றார் என்பது எனக்குப் புதிய பாரமாக ஏறிக்கொண்டது. ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தார்கள், இப்போது அப்பாவும்.

செவ்வாயன்று கிழக்கு வெளுக்கும்போதே எருதுகளைப் பூட்டினேன். பொழுது சாய்கிறவரை ஏறி இறங்கினேன். டவுனில் என் கை மெத்தென்று ஆகியிருந்தது. நண்பகலுக்குள் கொப்புளம் கண்டு, மாலைக்குள் உடைந்துவிட்டது. பெரியப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சூரியனையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சால் கொட்டும்போது அம்மா கடைசிப் பாத்தியில் மடையை வெட்டினார். ராகி முழுக்க நனைந்திருந்தது. ஒன்று முடிந்தது. அம்மா என் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். "இந்தக் கையில கம்ப எப்படிப் புடிப்ப?" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மைதானத்தில் கேப்டன் அந்தக் கட்டைப் பார்த்து முகம் வெளிறிப்போனான். "டேய், என்னடா இது? கடைசி ஆட்டத்தன்னிக்குக் கையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறே?"

"தண்ணி எறச்சேன்."

"ஒரு குடம் தண்ணிக்கா இப்படி?"

அவன் வீட்டில் பித்தளைக் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். மாஸ்டர் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். "பிடிக்க முடியுமா?" என்றார். "முடியுமுங்க சார்" என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது.

கையைப் பற்றித்தான் நான் பயந்தேன். துரோகம் செய்தது கை அல்ல. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் சட்டைக்காரர்களின் சென்டர் ஃபார்வர்டு, சிவந்த முகத்து ஆஜானுபாகு, பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். நான் அவனைப் பார்த்தபடி பின்வாங்கினேன். வழக்கம்போலத்தான். திடீரென்று என் கால்கள் நின்றுவிட்டன. முதுகு, போதும் என்றது. நான் நின்ற இடத்துக்கும் எங்கள் பேக்குகளுக்கும் நடுவே ஒரு வண்டி திரும்பும் அளவு இடம் காலியாக இருந்தது. அவன் அதற்குள் புகுந்து, நின்று நிதானமாக அடித்தான். கோல்.

மறுபடியும் அதேதான் நடந்தது. இரண்டாம் முறை கோல்கீப்பர் காலால் உதைத்துத் தடுத்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கியதில், என் முதுகு எங்கள் கிணற்று மேட்டின் நீளத்தை மறுபடி பாடம் பண்ணிக்கொண்டுவிட்டது. அந்த நீளம் முடிகிற இடத்தில், அடுத்து கிணறு என்று கால் நின்றுவிடுகிறது. மைதானம் அதைவிட நீளம். எது என்னை டீமில் சேர்த்ததோ அதுவே என்னை நடுவழியில் நிறுத்துகிறது.

இடைவேளையில் மாஸ்டர் எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே, "ஏன்டா நட்டாத்துல நின்னுடறே?" என்று கேட்டார். கிணறு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று எப்படிச் சொல்வது? "இனி நிக்க மாட்டனுங்க" என்றேன். பேக்குகள் இருவரும் என்னையே பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. அவர்கள் பார்வையில் திட்டு இல்லை, பயம் இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும், முதுகு போதும் என்று சொன்ன இடத்துக்கு அப்பால் காலை வைத்தேன். தெரிந்தே கிணற்றில் காலை விடுவது போல இருந்தது. தரை இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும்; காலுக்குத் தெரியாது. ஆனாலும் வைத்தேன். கால் தரையில் பட்டதும் பந்து என் கம்பில் பட்டது. அப்படி ஒரு தடவை பிடித்த பந்தை நேராகக் கேப்டனுக்குத் தள்ளினேன். அவன் இரண்டு பேரை ஏய்த்துவிட்டு அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் கிணற்றில் இறங்கிக்கொண்டே இருந்தேன். கையில் கட்டியிருந்த துணி எப்போது அவிழ்ந்து விழுந்தது என்று தெரியாது. விசில் ஊதியபோது கம்பின் பிடி பிசுபிசுவென்று இருந்தது.

டிரா. பொழுது போய்விட்டதால் வேறொரு நாள் மறுபடி ஆடவேண்டும். எங்கள் பிள்ளைகள் ஜெயித்தது போலக் குதித்தார்கள். வருஷா வருஷம் கோப்பை தூக்குகிறவர்களை நிறுத்திவிட்டோமே! கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினான். நடுவில் நடுவர்களும் இரண்டு டீம் பெரியவர்களும் கூடிப் பேசிவிட்டு, "வர ஞாயிற்றுக்கிழமை" என்றார்கள். ரயில்வேக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு.

கூச்சலில் நான் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு எங்கள் முறை.

பெரியப்பா வாசலில் அப்பா மறுபடி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை நின்றார். இன்னொரு தடவை நிற்கச் சொல்ல என்னால் முடியாது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னவனல்ல நான். மாஸ்டர் பக்கம் போய் நின்றேன்.

"சார், ஞாயித்துக்கெழம ஆகாதுங்க."

"என்னடா ஆகாது?"

"எனக்கு ஊர்ல முறைத் தண்ணிங்க. திங்கக்கெழமன்னா வந்துருவனுங்க."

முன்வரிசைக்காரன் ஒருவன், "இவனுக்காக ரயிலையே நிறுத்தணும் போல" என்றான். மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக எதிர்ப்பக்கம் நடந்தார். நான் அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அவர் ஏதோ சொன்னார். என்னைக் கை காட்டினார். சிவந்த முகத்துக்காரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பிறகு எனக்கே கேட்கும்படி, அவனுடைய தமிழில் சொன்னான்: "திங்கக்கிழமை சாயங்காலம் நம்ம ஆளுங்கள டூட்டி மாத்திப் போட்டுக்கலாம் மேன். அந்தச் சென்டர் ஹாஃப் இல்லாமே ஜெயிச்சா, அது ஜெயிச்ச மாதிரியா?"

மாஸ்டர் திரும்பி வந்து, "திங்கட்கிழமை" என்றார். கேப்டன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். "பண்ணாடி, பெரிய ஆளாயிட்டே!" எல்லோரும் கைதட்டினார்கள். என் காதில் ஒன்றுதான் ஓடியது: எனக்காக ஆட்டத்தையே தள்ளிவைத்துவிட்டார்கள். இனி நான் சறுக்கினால் என்ன முகத்தோடு நிற்பேன்?

சனியன்று ஊருக்குப் போனேன். அப்பா காலிலிருந்த முள் வெளியே வந்துவிட்டிருந்தது. வீக்கம் பாதி வடிந்திருந்தது. இன்னும் ஊன்றித்தான் நடந்தார். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்காகவா நாள மாத்துனாங்க?" என்றார்.

"ஆமாங்க."

"தொரைமாருங்களுமா?"

"அவுங்களுந்தானுங்க."

கையில் எடுத்த உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார். "அப்பறம் தோத்துப்போட்டு வந்தா நல்லாருக்காதே சாமி" என்றார். அவர் முகத்தில் அன்றுவரை நான் பார்க்காத ஒன்று இருந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு என் முகத்தில் இருந்ததுதான் அது.

ஞாயிறு விடியலில் நான் எழுந்து மேட்டுக்குப் போனால், எருதுகளை ஏற்கெனவே பூட்டியிருந்தது. அப்பா வடத்தில் கை வைத்து நின்றார்.

"நீங்க எறங்காதீங்கப்பா. நான் ஓட்டறன்."

"உன்ர கையப் பாரு மொதல்ல. போ, உங்கம்மாகூட மடையப் பாரு."

"கால் ஆகாதுங்க."

"ஆகும் போ."

சொன்னால் கேட்கிறவர் அல்ல. இறங்கும்போது வடத்தில் உட்கார்ந்துகொண்டதால் கால் பிழைத்தது. ஏறும்போதுதான் ஆபத்து. நொண்டிக் காலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, எருதுகளைப் பார்த்தபடி, கிணற்றை நோக்கிப் பின்னால் பின்னால் வந்தார். நல்ல காலுக்குத்தான் அளவு தெரியும். வீங்கிய காலுக்கு என்ன தெரியும்? நான் பாத்தியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கால் விளிம்பருகே வந்து நிற்கிறவரை மூச்சு விடவில்லை. நின்றது. சால் இறங்கியது. மறுபடி போனார். மறுபடி வந்தார்.

"அங்க என்ன வேடிக்க? தண்ணி வரப்பத் தாண்டிப் பெரியப்பன் காட்டுக்குப் போவுது பாரு!" என்று மேட்டிலிருந்து கத்தினார்.

குனிந்து இரண்டு வெட்டு மண்ணை அள்ளி மடையை அடைத்தேன். நிமிர்வதற்குள் அவர் மறுபடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.